இனிப்பு இருந்தது, சர்க்கரை இல்லை

போன ஆவணி மாதம், ஒரு முகூர்த்த நாள் காலை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிதம்பரம் போகிற தனியார் பஸ்ஸில் நடந்தது இது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். நான் எத்தனையோ தடவை போய்வந்த பாதை. ஆனால் அன்றைக்கு அந்தப் பாதையில் பாதித் தூரம் எனக்கு நினைவில் இல்லை. அந்தப் பகுதியை மற்றவர்கள் சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன். எனக்குத் தெரிந்ததையும் அவர்கள் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களாக சுகர் உண்டு. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தவனை ஒருநாள் டாக்டர் உட்காரவைத்து, இனிமேல் காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி என்று சொல்லிவிட்டார். ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும், சட்டைப்பையில் எப்போதும் ஏதாவது இனிப்பு வைத்திருக்க வேண்டும் என்று இரண்டு விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார். சர்க்கரை திடீரென்று இறங்கினால் என்னென்ன செய்யும் என்பதையும் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஊசி என்றதும் எனக்குள் ஒரு பயம் வந்துவிட்டது. நான் இனிப்புப் பைத்தியம். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஜாங்கிரி வைக்கிறவர் என் இலைக்கு வந்தால் தானாகவே இரண்டு வைத்துவிட்டுத்தான் போவார். அப்படிப்பட்டவன் அன்றோடு சர்க்கரையை விட்டேன். விட்ட இடத்தை நிரப்ப இன்னொன்று கிடைத்தது: சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற இனிப்பு மாத்திரை. பொட்டு மாதிரி ஒரு மாத்திரை, டீயில் போட்டால் கரைந்து போகிறது, டீ தித்திக்கிறது, உடம்பில் சர்க்கரை ஏறுவதில்லை. இத்தனை நாள் இது தெரியாமல் இருந்தோமே என்று எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டிலிருந்த சர்க்கரை டப்பா, வெல்லம், கற்கண்டு எல்லாவற்றையும் எடுத்து அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். என் மனைவிக்கு சுகர் கிடையாது. அவளும் என்னோடு சேர்ந்து மாத்திரை டீ குடிக்க வேண்டியதாயிற்று.

எடை குறையும் என்று எதிர்பார்த்தேன். ஏறியது. காரணம் எனக்குப் புரியவே இல்லை. இப்போது யோசித்தால் தெரிகிறது. முன்பெல்லாம் சாயங்காலம் கடையில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட் என்றால் ராத்திரி வரைக்கும் போதும். மாத்திரை டீ குடிக்க ஆரம்பித்த பிறகு, குடித்த கொஞ்ச நேரத்திலேயே வயிறு கிள்ளும். இனிப்பு வந்துவிட்டதே, பின்னால் சாப்பாடு எங்கே என்று உடம்பு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு பசி. எதிர்க்கடையிலிருந்து பஜ்ஜி வரும். டீயில்தான் சர்க்கரை இல்லையே, இரண்டு பஜ்ஜி தின்றால் என்ன என்று மனசும் தாராளமாகிவிடும். ராத்திரி ஒரு தோசை கூடுதலாக இறங்கும்.

இதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். காலையில் கூட நடக்கிற நண்பர் ஒருவர் சொன்னது. கடல்பாசியைத் தண்ணீரில் காய்ச்சி, இனிப்பு மாத்திரை நாலைந்து போட்டு, கொஞ்சம் எசன்ஸ் விட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டியாக உறைந்துவிடும். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் வயிறு திம்மென்று ஆகிவிடும். பசி வாயைத் திறக்காது. சாப்பாட்டுக்கு முன்னால் அதைச் சாப்பிட்டு, கூடுதல் தோசையை நிறுத்தினேன். எடை கொஞ்சம் இறங்கவும் செய்தது. அப்புறம் கேட்க வேண்டுமா, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம்தான். வயர் வாங்க வந்தவர் கடல்பாசி செய்முறையோடுதான் திரும்பிப் போவார்.

என் மனைவிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

"இன்னாங்க இது, வெறுந்தண்ணிய கட்டியாக்கித் துன்றீங்க. வயித்த ஏமாத்துற வேலை இது" என்பாள்.

"ஏமாறட்டும். ஏமாந்தாத்தான் சும்மா கெடக்கும்" என்பேன்.

அந்த முகூர்த்த நாளில் சிதம்பரத்தில் என் சகலை கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஒத்தாசைக்கு வேண்டும் என்று மனைவி முதல் நாளே போய்விட்டாள். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு நான் காலையில் கிளம்புவதாக ஏற்பாடு. பதினொன்றரைக்குப் பந்தி. இட்லி மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது, ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வாங்க என்று போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

எழுந்து குளித்து, வழக்கம்போல் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டேன். இட்லி ஊற்றச் சோம்பலாக இருந்தது. அதோடு ஒரு கணக்கும் போட்டேன். மத்தியானம் விருந்து. வடை உண்டு, சாம்பார் உண்டு, ஒரு கரண்டி பாயசமும் எனக்குத் தெரியாமலே என் இலையில் விழும். இட்லியை விட்டுவிட்டால் அந்த இடத்தில் விருந்தை வைத்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு கிண்ணம் கடல்பாசி சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. இன்னொரு கிண்ணம் சாப்பிட்டேன். எலுமிச்சம்பழம் பிழிந்து, மாத்திரை போட்டு, பாதியைக் குடித்துவிட்டு மீதியை பாட்டிலில் ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். வயிறு நிறைந்து ஏப்பம்கூட வந்தது. புது வேட்டி, வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் மிட்டாய் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். இருந்தது. சர்க்கரையில்லாத மிட்டாய். டாக்டர் இனிப்பு வைத்துக்கொள் என்றுதானே சொன்னார், இதுவும் இனிப்புதானே. எனக்கு அதில் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் பின்னால் கூட்டமாக உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். முதுநகரில் இன்னும் கொஞ்சம் பேர் ஏறினார்கள். ஆலப்பாக்கம் வருவதற்குள் எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. காற்று முகத்தில் அடிக்கிறது, ஆனால் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. கையைப் பார்த்தேன், விரல்கள் ஆடின. அப்புறம் ஒரு பசி வந்தது. அதைப் பசி என்று சொன்னால் போதாது. குடலைப் பிடித்து யாரோ கீழே இழுப்பதுபோல இருந்தது. ஆனால் வயிறு நிறைந்திருக்கிறது. வயிறு கனமாகவும் இருக்கிறது, பசியும் உயிர் போகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் எப்படி இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

டாக்டர் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. இதுதான் லோ சுகர். சரி, கையில்தான் மருந்து இருக்கிறதே என்று ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டேன். நன்றாக இனித்தது. சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்னொன்று, மறுபடியும் இன்னொன்று என்று போட்டேன். அப்புறம் பாட்டிலைத் திறந்து எலுமிச்சைத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். நாக்கிலிருந்து தொண்டை வரைக்கும் ஒரே இனிப்பு. இனி சரியாகிவிடும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ரோட்டோரக் கடையின் போர்டு இரண்டாகத் தெரிந்தது. என்னால் படிக்க முடியவில்லை. அதுவரைக்கும்தான் ஞாபகம்.

பிறகு நடந்ததாக அவர்கள் சொன்னது இது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தோளில் நான் சாய்ந்திருக்கிறேன். அவர் நகர்த்தி உட்காரவைத்தபோது அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறேன். கடையில் வேலை செய்கிற பையன்களைக்கூட ஒருமையில் கூப்பிடாதவன் நான். எழுந்து நிற்கப் பார்த்து, சீட்டுகளுக்கு நடுவில் விழுந்து, பிடிக்க வந்தவரைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

"காலங்காத்தாலயே ஊத்திக்கினு வந்துட்டான் பாரு" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"வெள்ளையும் சொள்ளையுமா இருக்கான், இன்னா கேடு" என்று இன்னொருவர்.

கண்டக்டர் வந்து எந்த ஊர், எங்கே போகணும் என்று கேட்டிருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேனாம். எல்லாவற்றையும்விட அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் கண்ணுக்கும் நான் சுத்தமான குடிகாரன்.

"புதுச்சத்திரத்துல எறக்கி விட்டுடறேன். லேடீஸ்லாம் இருக்காங்க" என்றிருக்கிறார் கண்டக்டர். இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். பஸ் வேகத்தைக் குறைத்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்து வந்திருக்கிறாள். எனக்கு இரண்டு சீட் பின்னால், தோழியோடு உட்கார்ந்திருந்த காலேஜ் பெண். என் கை ஆடுவதையும், நான் மிட்டாய் மேல் மிட்டாயாகப் பிரித்துப் போட்டுக்கொண்டதையும் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்தாளாம்.

"அண்ணே, எறக்காதீங்க. இவரு குடிக்கல. இவருக்கு சுகர் கொறைஞ்சிருக்கு" என்றாள்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்? டாக்டருக்குப் படிக்கிறியா?"

"இல்லண்ணே, பி.காம்."

பஸ் சிரித்ததாம். அவள் அதைக் காதில் வாங்காமல் என்னிடம் குனிந்து, "அங்கிள், உங்களுக்கு சுகர் இருக்கா? ஊசி போடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. கையை வயிற்றில், தினமும் ஊசி குத்துகிற இடத்தில் வைத்தேனாம். அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது. என்னைப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைக்கச் சொல்லி, தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் குளுக்கோஸை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கி என் வாயருகே நீட்டினாள்.

இந்த இடம் மட்டும் எனக்குத் துண்டு துண்டாக ஞாபகம் இருக்கிறது. வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர். ஒரு கை. அதில் மெல்லிய வளையல். என் மண்டைக்குள் மிச்சமிருந்தது ஒரே ஒரு சங்கதிதான்: இது சர்க்கரை, இதைத் தொடக்கூடாது. நான் பாட்டிலைத் தட்டிவிட்டேன்.

"சக்கரை வேணாம். எனக்கு ஆகாது. கொல்லப் பாக்குறியா" என்று கத்தினேன்.

முன்சீட்டு அம்மாள் ஒருத்தி பயந்துபோய், "ஏம்மா, சுகர் இருக்கறவருக்குப் போயி குளுக்கோஸ் குடுக்கிறியே, ஏதாச்சும் ஆயிட்டா?" என்றாள்.

"ஏற்கெனவே எவ்ளோ மிட்டாய் துன்னுருக்காரு பாரு. சுகர் ஜாஸ்தியாயித்தான் இப்படிக் கெடக்கிறாரு" என்று என் பக்கத்தில் இருந்தவர் சீட்டில் கிடந்த காகிதங்களைக் காட்டினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அவள் ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். "இதுல சக்கரையே இல்லண்ணே."

"இனிப்பு மிட்டாய்தானேம்மா?"

"இனிப்பு இருக்கு. சக்கரை இல்ல. இத எத்தினி துன்னாலும் இப்ப ஒதவாது."

கண்டக்டருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். "வேணாம்மா. நீ குடுத்து ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும். எறக்கி ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிடலாம்" என்றார்.

அவள் தோழி பிறகு என் மனைவியிடம் சொன்னது: "அவ கொஞ்ச நேரம் பேசாம நின்னா ஆன்ட்டி. எங்கள ஒரு தடவ திரும்பிப் பாத்தா. அப்புறம் பைக்குள்ள கைய விட்டா."

பையின் அடியிலிருந்து ஒரு சின்னப் பர்ஸ் வந்தது. லிப்ஸ்டிக், சீப்பு வைக்கிற பர்ஸ் என்றுதான் அந்தத் தோழி அதுவரை நினைத்திருந்தாளாம். திறந்தால் உள்ளே சுகர் பார்க்கிற மெஷின், அதற்கான பட்டைகள், ஒரு இன்சுலின் பேனா.

"எனக்கும் சுகர் இருக்கு. எட்டாவது படிக்கறப்பலேர்ந்து தெனமும் ஊசி போட்டுக்கறேன். எனக்கும் இதே மாதிரி ஆயிருக்கு. அதனாலதான் சொல்றேன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஏய், இன்னாடி சொல்ற?" என்று தோழி கேட்டிருக்கிறாள். அவள் திரும்பவில்லை. மெஷினில் பட்டையைச் செருகி, புது ஊசியால் என் விரலில் குத்தி, ரத்தத்தைப் பட்டையில் தொட்டு, வந்த எண்ணைக் கண்டக்டரிடம் காட்டினாள்.

"நூறு இருக்க வேண்டிய எடத்துல முப்பத்தெட்டு இருக்குண்ணே. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் தாங்க மாட்டாரு. இப்பவே குடுக்கணும்."

கண்டக்டர் டிரைவரைப் பார்த்து, "நிறுத்தாத, போ" என்று கத்திவிட்டு, என் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் முன்னால் என்னை இறக்கிவிடப் பிடித்திருந்த இருவரும் இப்போது என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். "குடி சார், குடி" என்று அவர் சொல்லச் சொல்ல அவள் பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறாள்.

நினைவு திரும்பியது ஒரேயடியாக இல்லை. முதலில் சத்தம் வந்தது. பிறகு ஜன்னலுக்கு வெளியே பச்சையாக எதுவோ ஓடியது, அது வயல் என்று தெரிந்தது. கண்டக்டர் முகம் தெரிந்தது, அவருக்கு என்னைவிட வியர்த்திருந்தது. சட்டை முழுக்க ஈரம். வேட்டியில் மண். ஒரு பெண் என் விரலைப் பிடித்து மறுபடியும் குத்திக்கொண்டிருந்தாள்.

"எழுவதத் தாண்டிடுச்சு" என்றாள், மூச்சை விட்டு.

"இன்னாம்மா ஆச்சு எனக்கு?" என்றேன்.

அவள் பையிலிருந்து பன் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள். "இத சாப்புடுங்க, இல்லன்னா மறுபடியும் எறங்கிடும். காலையில இன்னா அங்கிள் சாப்ட்டீங்க?"

"வயிறு நெறைய சாப்ட்டேன்மா."

"இன்னா சாப்ட்டீங்க?"

"கடல்பாசி. ரெண்டு கிண்ணம். லெமன் ஜூஸ்."

"சக்கரை போட்டா?"

"இல்லம்மா. மாத்திரை."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க ஒண்ணுமே சாப்பிடலையே அங்கிள்" என்றாள்.

என்னை உலுக்கிப் போட்டது அந்த ஒரு வாக்கியம்தான். குளுக்கோஸ் உடம்பைத் திருப்பியது. இது புத்தியைத் திருப்பியது. வயிறு நிறைந்தது, ஏப்பம் விட்டேன், நாக்கு இனித்தது, தொண்டை இனித்தது. இவ்வளவுக்கும் நடுவில் என் உடம்பு பட்டினி கிடந்திருக்கிறது. உள்ளே போன ஊசி மட்டும் சோறு வரும் என்று நம்பி, ரத்தத்தில் இருந்த கடைசிச் சர்க்கரையையும் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதற்கு மருந்தாக எடுத்துப் போட்டுக்கொண்டதும் அதே ஏமாற்று இனிப்பு.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் என் மனைவியும் சகலையும் காரோடு நின்றிருந்தார்கள். கண்டக்டர் என் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். மனைவி பட்டுப்புடவையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிரகப்பிரவேசப் பந்தியில் நான் உட்காரவில்லை. அந்தப் பெண் கார்க் கதவு வரைக்கும் வந்தாள். "மத்தியானத்துக்குள்ள இன்னும் ரெண்டு தடவ செக் பண்ணச் சொல்லுங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டாள். அவள் நம்பரை அவள் தோழியிடம்தான் வாங்கிக்கொண்டோம்.

மறுநாள் கடலூரில் எங்கள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான்தான் சரியாச் சொல்லாம விட்டுட்டேன். இனிப்பு வச்சுக்குங்கன்னு சொன்னேன். சக்கரை வச்சுக்குங்கன்னு சொல்லியிருக்கணும்" என்றார்.

சாயங்காலப் பசியைப் பற்றியும் கேட்டேன். அது எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது என்றார். இந்த மாத்திரைகளால் சிலருக்குச் சாப்பாடு குறைகிறது, சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை, சிலர் என்னைப்போல் டீயில் மிச்சம் பிடித்ததை பஜ்ஜியில் தொலைக்கிறார்கள். "மாத்திரை போடுறதும் விடுறதும் உங்க இஷ்டம். ஆனா வயிறு நெறைஞ்சுதா இல்லையான்னு நாக்கக் கேக்காதீங்க. ஊசி போடுறவங்க அதக் கேக்கவே கூடாது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் பழங்கள், ஒரு புடவை, ஒரு சுடிதார் துணி எல்லாம் வாங்கிக்கொண்டு முதுநகரில் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். துறைமுகத்துக்குப் போகிற தெருவில் சின்ன ஓட்டு வீடு. சுவரில் மாதா படம். அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை, அன்றைக்கும் வேலைக்குப் போயிருந்தார். அம்மா கதவைத் திறந்தார். நாங்கள் யார் என்று சொன்னோம். அவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன். அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, பழப்பையைத் தொடாமல், சுவரில் சாய்ந்து நின்றார்.

"உங்க உசுரு பொழச்சது சந்தோஷம்தாங்க. கடவுள் நல்லா வச்சிருக்கட்டும்" என்றார். அப்புறம் அழுதுவிட்டார். "ஆனா எம்பொண்ண ஊரே பாக்குதுங்க இப்ப. எட்டாவதுலேர்ந்து நாங்க மூணு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. கூடப் பொறந்தவங்ககிட்டகூட நான் சொல்லல. அந்த பஸ்ல எங்க தெரு ஆளுங்க ரெண்டு பேரு இருந்துருக்காங்க. மறுநாளே வந்து, இன்னாக்கா உம்பொண்ணுக்கு சுகராமேன்னு கேக்குறாங்க. நாளைக்கு யாருங்க கட்டிப்பாங்க அவள?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் செத்துப் பிழைத்தபோதுகூட இப்படி ஆகவில்லை. அந்தப் பர்ஸை அவள் திறந்ததும் எனக்குத் தெரியும், அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள் என்பதும் தெரியும். எதற்காக நின்றாள் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை. வாங்கி வந்த புடவையும் துணியும் என் மடியில் கனத்தன. நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் மனைவி எழுந்துபோய் அந்த அம்மாளைத் தரையில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். வீட்டு நைட்டியில், பஸ்ஸில் பார்த்ததைவிடச் சின்னவளாகத் தெரிந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"அம்மா, போதும்மா" என்றாள். பிறகு எங்களைப் பார்த்தும் பார்க்காமலும் சொன்னாள்: "ரெண்டு வருஷமா காலேஜ்ல பாத்ரூம் உள்ள நின்னுக்கினுதான் ஊசி போட்டுக்குவேன். நாத்தம் தாங்காது. கீழ எதுவும் விழுந்துடக் கூடாதுன்னு வாயில கடிச்சுக்கினு போடுவேன். இந்த வாரம் கிளாஸ்லயே பெஞ்சுல உக்காந்து போட்டேன். பஸ்ல கூட வந்தாளே என் ஃப்ரெண்டு, அவ மறைப்பு கட்டி நின்னா. போதும்மா, எனக்கு இதுவே நல்லாருக்கு."

அந்த அம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாத்ரூம் விஷயம் அவருக்கும் அன்றுதான் தெரியும் என்று நினைக்கிறேன். அழுகை நின்றுவிட்டது, ஆனால் அவர் சமாதானம் ஆகவில்லை. நாங்கள் கிளம்பியபோது வாசல் வரைக்கும் வரவும் இல்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் வந்திருக்க மாட்டேன்.

இப்போது ஊசி போட்ட கையோடு இட்லியோ தோசையோ சாப்பிட்டுவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. கடல்பாசியை விட்டுவிட்டேன். டீயில் சர்க்கரையும் இல்லை, மாத்திரையும் இல்லை. ஆரம்பத்தில் கசந்தது, இப்போது பழகிவிட்டது, அந்தச் சாயங்காலக் கிள்ளலும் என்னைப் பொறுத்தவரை அடங்கிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் யாராவது சுகர், ஊசி என்று பேச்சை எடுத்தால், உபதேசத்துக்குப் பதிலாக இந்தக் கதையைச் சொல்கிறேன். என் மனைவியும் அந்த அம்மாளும் எப்போதாவது போனில் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

ஒரு பஸ் நிறைய ஆட்கள் என்னைக் குடிகாரன் என்று முடிவுகட்டிய நேரத்தில், முன்பின் தெரியாத எனக்காக, தன் வாழ்நாள் ரகசியத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் வைக்கலாமா வேண்டாமா என்று அந்தப் பெண் யோசித்து நின்றது சில நொடிகள்தான் இருக்கும். இன்று நான் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒவ்வொரு வேளைச் சோறும் அந்தச் சில நொடிகளிலிருந்துதான் எனக்கு வந்துகொண்டிருக்கிறது.